பேஞ்சோவும் தப்பும்: கருவி மேடையேறினால் கை மேடையேறுமா?

பறைக்கு மரியாதை வந்துவிட்டது என்கிறார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் காசு கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையை அழைத்துவரப் பறைக்குழு நிற்கிறது. கல்லூரி விழா பறை இல்லாமல் தொடங்குவதில்லை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்னும் என்னய்யா வேணும் உங்களுக்கு என்று கேட்கிறார்கள்.

வேலு ஆசானுக்கு விருது வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் மண் அள்ளிப்போட இதை எழுதவில்லை. ஆனால் ஒரு கருவிக்கு மரியாதை வருவதும், அந்தக் கருவியைப் பிடித்த கைக்கு மரியாதை வருவதும் ஒன்றுதானா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கைதட்டிக்கொண்டிருந்தால் கடைசியில் கைதட்டுகிற கூட்டத்தில் மட்டும்தான் நமக்கு இடம் இருக்கும். இது பயமுறுத்தல் இல்லை. இதே கதை வேறொரு கண்டத்தில் வேறொரு கருவிக்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. அந்தக் கருவியின் பெயர் பேஞ்சோ.

பேஞ்சோ என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புல்புல்தாரா ஞாபகம் வரும். டைப்ரைட்டர் மாதிரிப் பித்தான்களை அழுத்தி, மறுகையால் தந்தியை மீட்டுவார்கள். பம்பாயில் பிள்ளையார் ஊர்வலத்தில் பேஞ்சோ பார்ட்டி என்று தனிக் கூட்டமே உண்டு. பலுச்சிகளிடம் அது பென்ஜு. அது 1912இல் ஜப்பானில் உருவான ஒரு கருவி கப்பலேறி வந்து இங்கே பெயர் மாற்றிக்கொண்டது. நான் சொல்ல வருவது அதை அல்ல. அமெரிக்காவின் மலைநாட்டுப் பாட்டுக்கு வாசிக்கிற அசல் பேஞ்சோவை.

அதை அடிமைகள் செய்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்ட மக்கள் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். சுரைக்குடுக்கையை வெட்டி, அதன் வாயில் தோலை இழுத்துக் கட்டி, ஒரு கம்பைக் கழுத்தாகச் செருகித் தந்தி பூட்டினார்கள். அயர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் ஜமைக்காவில் பார்த்த இப்படிப்பட்ட கருவிகளின் படத்தை 1707இல் வெளியான தன் நூலில் போட்டிருக்கிறார். அமெரிக்க ஜனாதிபதியாக வந்த தாமஸ் ஜெபர்சன், தானே நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர், இது அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கருவி என்று 1780களில் எழுதிவைத்தார். இன்றைக்கும் செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்றொரு கருவி இருக்கிறது. அதிலும் சுரைக்குடுக்கை, தோல், ஒரு குட்டைத் தந்தி உண்டு. விரல் நகத்தால் தந்தியை மேலிருந்து கீழே அடித்து, கட்டைவிரலால் குட்டைத் தந்தியைத் தெறிக்க விடுகிறார்கள். பழைய பாணிப் பேஞ்சோவையும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜட்டா என்ற ஜோலா அறிஞர் இந்த உறவை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். முரசு அடித்து ஆள் திரட்டினார்கள். மறு வருசமே, 1740இல், அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டான் வெள்ளைக்காரன். ஆண்டைக்கு எப்போதும் பாட்டைவிட முரசுமேல்தான் பயம். முரசு சேதி சொல்லும், கூட்டம் கூட்டும். முரசைப் பிடுங்கினாலும் தோலைப் பிடுங்க முடியவில்லை. பேஞ்சோவின் வட்டத்தைப் பாருங்கள். வளையத்தில் இழுத்துக் கட்டிய தோல்தான் அது. ஒரு தப்புக்குக் கழுத்து வைத்துத் தந்தி கட்டியது போலத்தான் இருக்கும். அடித்தால் பாட்டும் வரும், தாளமும் வரும்.

பிறகு என்ன ஆயிற்று? 1830கள், 40களில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறினார்கள். கறுப்பர் மாதிரி ஆடுகிறோம், பாடுகிறோம் என்று பல்லைக் காட்டிக் கோமாளித்தனம் செய்தார்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் ஸ்வீனி என்பவர் கறுப்பு மக்களிடம் கற்ற பேஞ்சோவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேர் வாங்கினார். 1843இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்டிரல்ஸ் என்ற குழு இதை முழுநேர வியாபாரமாகவே ஆக்கியது. அந்தக் கரிமுகக் கூத்தில் வந்த ஒரு கோமாளிப் பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. பிற்பாடு கறுப்பரைத் தனிப் பெட்டியிலும் தனிப் பள்ளியிலும் ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு அதே பெயர்தான் நிலைத்தது. ஒரு நையாண்டிப் பாட்டின் பெயர் ஒரு தேசத்தின் தீண்டாமைச் சட்டத்துக்குப் பெயரானது.

நமக்கு இது புதுசா? ஒரு தோல்கருவியின் பெயர் சாதிப் பெயராகி, அந்தச் சாதிப் பெயர் கடல் தாண்டி ஆங்கில அகராதியில் ‘பறையா’ என்று வசைச்சொல்லாகி, எவனோ எவனையோ ஒதுக்கும்போதெல்லாம் நம் பெயரைச் சொல்லி ஒதுக்குகிறானே! தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை என்று சொல்லும் கருப்பொருள் வரிசையில் பறையையும் வைத்திருக்கிறது. திணைக்கு ஒரு பறை இருந்த நாடு இது. அது எப்போது ஒரு தெருவுக்கு மட்டும் உரிய அசிங்கமாக மாறியது? எங்கள் பக்கம், திருமானூர், திருமழபாடி, ஏலாக்குறிச்சி, அக்கரையில் தஞ்சாவூர் வரைக்கும், பறை என்பதைவிடத் தப்பு என்பதே வழக்கம். தப்பு என்றால் பிழை என்றும் அர்த்தம். பிறக்கும்போதே பிழை என்று பெயர் வைத்துவிட்டுப் பிறகு அதை அடிக்கச் சொன்னார்கள்.

கரிமுகக் கூத்து முடிந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். பணக்கார வெள்ளைப் பெண்கள் வரவேற்பறையில் வாசிக்கிற சாமானாக பேஞ்சோவை மாற்றினார்கள். நல்ல மரம், வெள்ளிப் பூண், முத்துச்சிப்பிப் பதிப்பு. பேஞ்சோவை ‘உயர்த்துகிறோம்’ என்று சொல்லிக்கொண்டே அதில் ஒட்டியிருந்த அடிமையின் வியர்வையைத் துடைத்தார்கள். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வந்தபோது பட்டியலை ரெண்டாகப் பிரித்தன. கறுப்பர் பாட்டு ஒரு பட்டியல், மலைநாட்டு வெள்ளையர் பாட்டு ஒரு பட்டியல். ஊரும் சேரியும்தான், வேறென்ன? வயலும் களமும் பகிர்ந்து, ஒரே பாட்டை ரெண்டு பேரும் பாடிக்கொண்டிருந்த இடத்தில் கம்பெனிக்காரன் வேலி போட்டான். பேஞ்சோ வெள்ளைப் பட்டியலில் போய் விழுந்தது. கறுப்பு இளைஞர்களோ கரிமுகக் கூத்தின் அவமானம் ஒட்டிய அந்தக் கருவியைத் தொட விரும்பாமல் கிடாரின் பக்கம் போனார்கள். ரெண்டு மூணு தலைமுறையில் பேஞ்சோ என்றால் வெள்ளைக் குடியானவன் என்று உலகமே நம்பியது. செய்தவனின் பேரப்பிள்ளையே நம்பினான். எந்தக் கருவியை வைத்து அவனைக் கேலி செய்தார்களோ, அந்தக் கருவி அவனுடையது என்பதையே அவனிடமிருந்து மறைத்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய திருட்டு உண்டா?

பாட்டுத் திருட்டுக்கும் ஒரு சாட்சி சொல்கிறேன். அமெரிக்க நாட்டுப்புற இசையில் கார்ட்டர் குடும்பம் பெரிய பெயர். அதன் தலைவர் ஏ.பி. கார்ட்டர் மலை மலையாக அலைந்து பாட்டுச் சேகரித்தபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்புக் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் பிடித்துவைப்பார். இசைத்தட்டில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இங்கே 2021இல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு அதில் வைத்தார். உலகமே ஆடியது. அதே வருசம் ஆகஸ்டில் அந்தப் பாட்டைக் கொண்டாடிய ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று சம்பந்தப்பட்டவர்கள் பேசித் தீர்க்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் படத்திலிருந்து விழுகிற முகம் ஏன் ஒரே தெருவின் முகமாக இருக்கிறது?

*

கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் திருமானூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் திருவையாறு. 1847இல் தியாகராசர் இறந்த ஊர். வருசா வருசம் ஆராதனை. அந்தச் சமாதிக்கு 1925இல் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளையே, பொம்பளை என்றும் தாசி என்றும் சொல்லி, அங்கே சேர்ந்து பாடவிடாமல் பல வருசம் இழுத்தடித்தார்கள். 1946இல் தண்டபாணி தேசிகர் அங்கே தமிழில் பாடியதற்கு எழுந்த தீட்டுச் சர்ச்சை நாடறிந்தது. தமிழிசை இயக்கம் கொதித்தது. கொதித்தது நியாயம். ஆனால் அந்தக் கொதிப்பில் கேட்கப்படாத ஒரு கேள்வி உண்டு. தமிழில் பாட மேடை கேட்டவர்கள், தமிழன் நடவு வயலில் பாடிய பாட்டுக்கு மேடை கேட்டார்களா? மாரடித்துப் பாடிய ஒப்பாரிக்கு? தப்புக்கு? தமிழிசை என்றால் தேவாரமும் கீர்த்தனையும்தான், சேரி பாடுவது இசையில் சேராது என்பதில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் சண்டையே இல்லை.

வயலின் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரனின் பேண்டுக் கோஷ்டியிலிருந்து. பாலுசாமி தீட்சிதர் கையில் அது போன 200 வருசத்துக்குள் கர்நாடக சங்கீதத்தில் வயலின் இல்லாத கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது. கிளாரினெட் வந்தது. மேண்டலின் வந்தது, சீனிவாஸ் வாசித்தார். சாக்சபோன் வந்தது, கத்ரி கோபால்நாத் வாசித்தார். பேஞ்சோவே நாளைக்கு வந்தாலும் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். ஏழு கடல் தாண்டி வந்த கருவிக்கெல்லாம் தீட்டு இல்லை. கொள்ளிடம் தாண்டாத கருவிக்குத்தான் தீட்டு.

தோல் என்பதால் தீட்டு என்றால் மிருதங்கம் எதில் செய்தது? மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல். டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று 2020இல் ஒரு புத்தகம் எழுதினார். மிருதங்கம் செய்கிற தலித் குடும்பங்களைப் பற்றியது. தஞ்சாவூர் செபாஸ்டியன் வம்சம் தோல் தேடி, பதம் பார்த்து, வார் பிடித்துக் கொடுத்த மிருதங்கத்தில்தான் மேதைகள் மேதைகளானார்கள். அந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்திருந்த கலாக்ஷேத்ரா, பத்திரிகையில் ஒரு பகுதி வந்ததும் அனுமதியை ரத்து செய்தது. தோலுக்கு மேடையில் இடம் உண்டு. தோலைப் பற்றிய பேச்சுக்கு அரங்கத்திலும் இடம் இல்லை. ஆக, தீட்டு தோலில் இல்லை. கையில் இருக்கிறது. கையிலும் இல்லை, அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

*

இதில் நமக்குள்ளேயே ஒரு சண்டை ரொம்ப நாளாக ஓடுகிறது. தப்பைத் தூக்கி எறி, அது அடிமைச் சின்னம் என்பது ஒரு கட்சி. தப்பைத் தூக்கிப் பிடி, அது விடுதலைச் சின்னம் என்பது இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் நம் ஆட்கள்தான்.

தூக்கி எறி என்றவர்களைச் சும்மா ‘கலை தெரியாதவர்கள்’ என்று தள்ளிவிட முடியாது. 80களிலும் 90களிலும் எத்தனையோ கிராமங்களில் ஊர்க்காரன் எழவுக்குத் தப்படிக்க மாட்டோம், கேதம் சொல்லப் போக மாட்டோம் என்று நம் சனங்கள் நின்றார்கள். அதற்காக வேலை மறுக்கப்பட்டது. கடையில் சாமான் மறுக்கப்பட்டது. குடிசை எரிந்தது. ஒரு மனிதன் ‘அடிக்க மாட்டேன்’ என்று சொல்லித் தப்பைக் கீழே வைத்ததுதான் அந்தத் தப்பின் வரலாற்றிலேயே பெரிய அடி. அந்த மௌனத்தில் ஊரே நடுங்கியது. அந்த ஓசைக்கு எந்த விருதும் ஈடாகாது.

1930, 31இல் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் தலித்துகள்மேல் போட்ட தடைகளை ஹட்டன் தன் சாதி நூலில் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே, நகை போடாதே, பிள்ளையைப் படிக்கவைக்காதே. கூடவே, கல்யாணத்தில் மேளம் வைக்காதே. அவன் சாவுக்கு நாம் அடித்தே ஆக வேண்டும், நம் கல்யாணத்துக்கு நாம் வாசிக்கவே கூடாது. இதுதான் சாதி இசைக்கு எழுதிய இலக்கணம். பேஞ்சோவுக்கும் தப்புக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். பேஞ்சோவை வேண்டாம் என்று வைத்த கறுப்பனின் குடிசையை அதற்காக யாரும் எரிக்கவில்லை. அவனிடமிருந்து பறித்தார்கள். நம்மிடம் திணித்தார்கள். திணித்தது பாதி, இப்போது பறிப்பது மீதி.

ஆகவே, மறுக்கிற உரிமைதான் முதல் உரிமை. அது இல்லாத இடத்தில் வாசிப்பது கலை ஆகாது, வெட்டி வேலைதான்.

தூக்கிப் பிடி என்றவர்கள் செய்ததும் சின்ன வேலை இல்லை. கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாட்டை ஆய்வேட்டிலிருந்து எடுத்துத் தெருமுனைக்குக் கொண்டுவந்தார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை அவர் குரலில் கேட்ட ஒரு தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு, கோயிலுக்குள் கர்நாடக மெட்டில் நடந்துகொண்டிருந்த வழிபாட்டை நாட்டுப்புற மெட்டுக்கும் பறைக்கும் திருப்பினார். சாமியைச் சேரி பாஷையில் கூப்பிட்டால் வராதா என்று கேட்ட மனுஷன். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தூக்கினார்கள். நடவில் பாடுகிறவள் பெண், எழவில் ஒப்பாரி வைக்கிறவள் பெண். ஆனால் தோலைத் தொட மட்டும் ஆம்பளை என்றிருந்த நம் வீட்டுக்குள்ளிருந்த தீட்டை அவர்கள் உடைத்தார்கள். புத்தர் கலைக்குழு வந்தது. 2018 சனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியது. இதெல்லாம் யாரோ போட்ட பிச்சை இல்லை. நம் ஆட்கள் கட்டியது.

ஆனால் இவர்கள் திறந்த கதவு வழியாக இப்போது யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள். ‘பறை ஆதித்தமிழனின் வீர இசை’ என்கிறார்கள். ‘பறைக்குச் சாதி இல்லை’ என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. பேஞ்சோவை ‘அமெரிக்கக் கருவி’ என்று சொன்னவனும் இதையேதான் சொன்னான். எல்லாருக்கும் பொதுவானது என்று சொல்லும்போது முதலில் மறைவது யார் கை காய்த்தது என்கிற விவரம். வட அமெரிக்காவிலும் அய்ரோப்பாவிலும் தமிழ்ச் சங்க விழாக்களில் பறை முழங்குகிறது. நல்லது. அதே அமெரிக்காவில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய 2023இல் சியாட்டில் நகரம் சட்டம் போட வேண்டியிருந்தது. பறையோடு கூடவே எதுவும் விமானம் ஏறிப் போயிருக்கிறது என்று தெரிகிறதா இல்லையா?

நான் வங்கியில் கவுண்டருக்கு உள்ளே உட்காருகிறவன். வெளியே வரிசையில் நிற்பவர்கள் பலர் என் தெரு ஆட்கள். ஒரு நாள் எங்கள் பக்கத்துக் காலனிப் பெரியப்பா ஒருத்தர் கடன் விண்ணப்பத்தோடு வந்தார். நாற்பது வருசமாகத் தப்படிப்பவர். குழுவாகச் சேர்ந்து புதுசாக மேளதாளம் வாங்கத்தான் கடன். ‘தொழில்’ என்கிற கட்டம் காலியாக இருந்தது. என்ன எழுதட்டும் பெரியப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “மேடையில கலைஞர்ங்கறான். எழவுக்குக் கூப்புடறப்ப ‘டேய்’ங்கறான். எம் பையன் ‘அதைத் தொடாதே’ங்கறான். இதுல எந்தப் பேரைத் தம்பி எழுதுவே?” என்றார். பிறகு அவரே, “கூலின்னு போட்டுடு, அதுதான் வம்பில்லாதது” என்றார்.

பத்மஸ்ரீ வந்த கருவிதான் அது. அதை நாற்பது வருசம் வாசித்தவருக்குப் பாதுகாப்பான அடையாளம் ‘கூலி’. அவர் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பனை ‘டேய்’ என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்தத் தப்பை எப்படித் தொடுவான்? பேஞ்சோவைக் கீழே வைத்துவிட்டு நகரத்துக்குப் போன கறுப்பு இளைஞனும் இவனும் ஒரே வயசு. இவன் வைத்துவிட்டுப் போகும் இடத்தில் காசு கட்டிக் கற்றுக்கொண்டவன் வந்து நிற்பான். அவனை யாரும் ‘டேய்’ என்று கூப்பிடப் போவதில்லை. அவனுக்கு அது கலை. இவனுக்கு அது விதி. இருபது வருசம் கழித்துத் தப்பு இருக்கும், நன்றாகவே இருக்கும், ஃபைபரில் பளபளப்பாக இருக்கும். புளியங்கொட்டைப் பசை போட்டுத் தோல் ஒட்டத் தெரிந்தவன், வைக்கோல் தீயில் காய்ச்சும்போதே எந்தச் சூட்டில் எந்தச் சத்தம் வரும் என்று காதால் அறிந்தவன் இருக்க மாட்டான். சாமிச்சாட்டு அடிக்கும் மாரடிப்பு அடிக்கும் வித்தியாசம் தெரிந்த கை இருக்காது.

இதற்கு மாற்று இல்லையா? பேஞ்சோ கதையின் கடைசிப் பகுதி அதற்காகத்தான். 2005இல் வட கரோலினாவில் பூன் என்ற ஊரில் கறுப்பு பேஞ்சோக்காரர்கள் ஒன்றுகூடினார்கள். அங்கே சந்தித்த மூன்று இளைஞர்கள், ரியானன் கிடன்ஸ், டொம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன், இதைக் கற்க எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. ஜோ தாம்சன் என்ற 80 வயது தாண்டிய பிடில்காரரின் வீட்டுக்குப் போனார்கள். பரம்பரை பரம்பரையாகக் கறுப்புக் குடும்பங்கள் பிடிலும் பேஞ்சோவும் சேர்த்து வாசித்த பழைய பாணியில் மிஞ்சியிருந்த ஒரு சிலரில் அவர் ஒருவர். வாரா வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் வாசிப்பதைக் கேட்டு, கூடவே வாசித்துக் கற்றார்கள். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்று குழு அமைத்தார்கள். 2011இல் கிராமி விருது பெற்றார்கள். 2012இல் தாம்சன் இறந்தார். அவர் கை இறக்கவில்லை.

கிடன்ஸ் 1858ஆம் வருசத்து மாதிரியில் செய்த, கரிமுகக் கூத்துக் காலத்து பேஞ்சோவைத்தான் வாசிக்கிறார். எந்த மாதிரிக் கருவியை வைத்து அவமானப்படுத்தினார்களோ, அதே மாதிரிக் கருவி. இந்தக் கருவி யாருடையது, இதை எப்படிப் பறித்தார்கள் என்று மேடையிலேயே பேசுகிறார். பாட்டை மட்டும் கொடுத்து வரலாற்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஓமர் இபின் சயீது என்ற அடிமையின் கதையை அவர் இசைநாடகமாக்கியதற்கு 2023இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2024இல் பியான்சேயின் பாட்டு உலகமெல்லாம் ஓடியதே, அதில் ஒலிக்கும் பேஞ்சோ இவர் வாசித்தது. பேஞ்சோ மறுபடி கறுப்புக் கைக்கு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனி யாரும் அதை வெள்ளைக் கருவி என்று கூசாமல் சொல்ல முடியாது. அந்த அளவுக்குச் செய்திருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன?

ஊர்க்காரன் எழவுக்குச் சாதிக் கடமையாக யாரும் அடிக்கக் கூடாது. சாராயத்துக்கும் முறத்து நெல்லுக்கும் அடித்த காலம் போக வேண்டும். அடிப்பதானால் கூலி பேசி, முன்பணம் வாங்கி, மரியாதையாகக் கூப்பிட்டால் மட்டும். ‘டேய்’ என்றால் தப்பு கீழே இறங்க வேண்டும்.

நம் வீட்டுச் சாவுக்கு நாமே அடிப்போம். நம் கல்யாணத்துக்கும், பிள்ளை பிறந்ததற்கும், பரீட்சையில் பாசானதற்கும் அடிப்போம். சாவோடு மட்டும் தப்பைக் கட்டிப்போட்டவன் அவன். அவிழ்க்க வேண்டியது நாம்.

தப்படிக்கிற பெரியவர்கள், நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த அம்மாக்கள் இருக்கிற ஒவ்வொரு காலனியிலும் நம் படித்த பிள்ளைகள் போய் உட்கார வேண்டும். செல்போனில் பதிவு செய்ய ஒரு பைசா செலவில்லை. ஆனால் பதிவில் அவர்களின் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பது முதல் வரியாக இருக்க வேண்டும். சினிமாக்காரன் நாளைக்கு மெட்டை எடுத்துப் போனால், இது இன்னாருடையது என்று காட்ட நம் கையில் சாட்சி இருக்க வேண்டும். பதிவு செய்தால் மட்டும் போதாது, வாசிக்கவும் கற்க வேண்டும். பெண் பிள்ளைகள் முதலில்.

வயலினும் மிருதங்கமும் கற்றுத்தருகிற அரசு இசைப்பள்ளியில், அதே கூடத்தில், அதே சம்பளத்தில் தப்பு வாத்தியார் உட்கார வேண்டும். பட்டம் கேட்கக் கூடாது. அவர் கையைப் பார்த்தால் போதும்.

தப்பை விரும்பிக் கற்கும் மற்ற சாதித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கற்றுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. தடுப்பது நம் வழக்கமும் இல்லை. ஆனால் மேடையில் ‘பறைக்குச் சாதி இல்லை’ என்று சொல்லும் முன்னால், உங்கள் ஊரில், உங்கள் தாத்தா சாவுக்கு யார் அடித்தார், அவரை வீட்டு வாசலில் எங்கே நிறுத்தினார்கள், அவருக்கு எதில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டு அடியுங்கள். அப்போது அந்த அடியில் உண்மை இருக்கும். அதைச் சொல்லத் தைரியம் இல்லை என்றால் பேஞ்சோ பழகுங்கள். ஆனால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது என்பதை இப்போது உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

அந்த விண்ணப்பத்தின் ‘தொழில்’ கட்டத்தில், பெரியப்பா மகன் ஒரு நாள் தன் கைப்பட, வெட்கமில்லாமல், பயமில்லாமல் ‘தப்பு இசைக் கலைஞர்’ என்று எழுத வேண்டும். இல்லை, எழுத மாட்டேன், எனக்கு வேறு தொழில் இருக்கிறது என்று அதே தைரியத்தோடு சொல்ல வேண்டும். ரெண்டில் எதைச் சொன்னாலும் அது அவன் சொன்னதாக இருக்க வேண்டும். ஊர் சொன்னதாக இருக்கக் கூடாது. பறைக்கு மரியாதை வந்துவிட்டதா என்பதை அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம்.